அடைக்கச் சொல்ல யாருக்கு அதிகாரம்?

பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகும், ஆலிஸ் தினமும் காலையில் பள்ளிக்குப் போகிறவள் போலவே புடவை கட்டிக்கொண்டிருந்தாள். கஞ்சி போட்ட பருத்திப் புடவையைக் கொசுவி, தோளில் பின் குத்திக்கொள்ளாவிட்டால் அவளுக்கு மூச்சு முட்டியது.

இந்தக் குடும்பத்தோடு கூடவே வந்துகொண்டிருப்பவர்களுக்கு நடந்தது தெரியும். இன்றுதான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அபிராமபுரத்தில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் ஆலிஸ். ஆண்டு விழாவில் அவள் பேசியதைப் பள்ளி இணையத்தில் போட்டிருந்தது. யாரோ அதிலிருந்து அவள் முகத்தை எடுத்து ஓர் ஆபாச வீடியோவில் ஒட்டிவிட்டார்கள். செய்தது யாரென்று இன்னும் தெரியவில்லை. பெரிய வலைத்தளங்கள் புகார் கொடுத்ததும் நீக்கிவிட்டன. எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாத ஒரே ஒரு தளம் மட்டும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அங்கே அது இருந்ததால், பெற்றோர்களின் வாட்ஸப் குழுக்களில் அதன் இணைப்பு ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

இன்று மாலை பள்ளியின் நிர்வாகக் குழு கூடுகிறது. ஆலிஸை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவெடுக்க.

"நான் உங்க பக்கம்தான் டீச்சர்," என்று தாளாளர் சாருலதா நேற்று போனில் சொல்லியிருந்தார். "ஆனா ஒவ்வொரு பேரன்ட்டும் என் மேஜை மேல போனை வெச்சு, இது யாருன்னு கேக்கறாங்க. அந்த லிங்க் திறக்காமப் போகட்டும். அப்புறம் நான் பேசறேன்."

சாந்தோம் வீட்டின் சமையலறையில் ஆலிஸ் தோசையைத் திருப்பினாள். பின்னால் மகன் எரிக் வந்து நின்றான். திருவான்மியூர்ப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இந்த வாரம் பூராவும் லீவு போட்டிருந்தான்.

"இன்னிக்கும் இருக்கா எரிக்?" அவள் திரும்பாமலே கேட்டாள்.

"இருக்கு மம்மி."

வாசலில் செருப்புச் சத்தம். ஆலிஸின் அண்ணன் இக்னேஷியஸ். அடுத்த தெருவில் குடியிருக்கிறார். அப்பா இறந்த பிறகு ஆலிஸைப் படிக்கவைத்தவர். ஆலிஸின் கணவர் இறந்த பிறகு எரிக்கைத் தூக்கி வளர்த்தவர். அடையாற்றில், மத்திய அரசின் தொலைத்தொடர்பு அலுவலகம் ஒன்றில் அதிகாரி.

அவர் உட்காரக்கூட இல்லை. எரிக் ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, எந்த வெப்சைட்டை அடைக்கணும்னாலும் உங்க ஆபீஸ் வழியாத்தானே போகுது?"

"எங்க வழியா போகுது. எங்ககிட்டேருந்து போகல."

"ரெண்டும் என்ன வித்தியாசம்?"

"டெல்லியில ஐ.டி. அமைச்சகத்துல ஒரு குழு முடிவு பண்ணும். எங்க துறைக்கு எழுதும். நாங்க அதை இன்டர்நெட் கம்பெனிகளுக்கு அனுப்புவோம். கம்பெனி அடைக்கும். என் டேபிளுக்கு வர்றப்போ எல்லாம் முடிஞ்சிருக்கும்டா."

"அப்ப முடிவு பண்றவங்ககிட்ட கேளுங்க."

"அவங்க, போலீஸ் கேக்கணும்பாங்க."

"போலீஸ்தான் கேட்டாச்சே!"

"கத்தாதே எரிக்," என்றாள் ஆலிஸ். "இன்ஸ்பெக்டர் காலையிலயே வரச் சொல்லியிருக்காங்க. கிளம்பு."

இக்னேஷியஸ் தோசையைத் தொடவில்லை. தங்கையின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூசியது. அவளைப் பார்க்கிற எல்லாரும் இப்போது எதை நினைத்துக்கொண்டு பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அது தெரிந்த ஒருத்தியை எப்படிப் பார்ப்பது?

*

சைபர் கிரைம் இன்ஸ்பெக்டர் ஸ்ரீரஞ்சனிக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆலிஸின் கோப்பு மேஜை மேல் தயாராக இருந்தது.

"அமைச்சகம் திருப்பி அனுப்பிட்டாங்க மேடம்."

"ஏன்?"

"அவங்க தளங்களை அடைக்கிற சட்டப் பிரிவு நாட்டுப் பாதுகாப்பு, பொது அமைதி, இந்த மாதிரிக் காரணத்துக்குத்தானாம். தனிப்பட்ட ஒருத்தரோட படம் அதுல வராதாம்."

"பொது அமைதின்னா அதுல நான் கிடையாதா?"

ஸ்ரீரஞ்சனி கோப்பை மூடினார்.

"வேற வழியே இல்லையா மேடம்?" என்றான் எரிக்.

"உள்துறைக்குக் கீழ ஒரு மையம் இருக்கு. அவங்க போர்ட்டல்லயும் போட்டேன். அது கம்பெனிகளுக்கு நோட்டீஸ் அனுப்பும். இந்தத் தளத்துக்கு இந்தியாவுல கம்பெனியே இல்ல. யார்கிட்ட நோட்டீஸ் குடுக்கறது? நீங்க தொலைத்தொடர்புத் துறையை நேரா கேளுங்கன்னாங்க."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். அமைச்சகம் எழுதினா செய்யறோம்னாங்க."

எரிக் சிரித்துவிட்டான். அது சிரிப்பு மாதிரியே இல்லை.

"ஹைகோர்ட்ல மனு போட்டிருக்கீங்க இல்ல, அது வர்ற வரைக்கும்..." என்றார் ஸ்ரீரஞ்சனி.

"அது அடுத்த வாரம்," என்றாள் ஆலிஸ். "எனக்கு மீட்டிங் இன்னிக்கு."

ஸ்ரீரஞ்சனி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அடுத்ததைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது தெரிந்தது.

"இன்னொரு விஷயம் மேடம். அந்தத் தளம் பேர்ல ஒரு எழுத்தை மாத்திட்டு புது முகவரிக்குப் போயிடுச்சு. பழைய முகவரிக்குக் குடுத்த புகார் இதுக்குச் செல்லாது. புதுசா குடுக்கணும். படத்துல இருக்கறது உங்க முகம்தான்னு நீங்க ஒவ்வொரு பக்கத்துலயும் எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"போன தடவை போட்டேனே?"

"அது பழைய முகவரிக்கு."

வீடியோவிலிருந்து அச்செடுத்த பக்கங்களை ஸ்ரீரஞ்சனி கவிழ்த்துவைத்திருந்தார். அறையில் இருந்த கான்ஸ்டபிளை வெளியே அனுப்பினார். எரிக்கைப் பார்த்தார். அவனும் எழுந்து வெளியே போனான்.

ஆலிஸ் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

'இதில் உள்ள முகம் என்னுடையது. உடல் என்னுடையதல்ல. ஆலிஸ்.' அடுத்த பக்கம். 'இதில் உள்ள முகம் என்னுடையது.' பரீட்சைத் தாள் திருத்துகிறபோது அவள் இப்படித்தான் வேகமாகப் பக்கம் திருப்புவாள். பாதியில் கை நின்றுவிட்டது. பேனாவைக் கீழே வைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேஜைமேல் அழுத்திக்கொண்டாள்.

"தண்ணி குடிங்க மேடம்."

"வேண்டாம். தண்ணி குடிச்சா அழுதுடுவேன்."

மறுபடியும் பேனாவை எடுத்தாள். கடைசிக் கையெழுத்து அவளுடையது மாதிரியே இல்லை. ஸ்ரீரஞ்சனி அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

*

கைபேசி அடித்தபோது இக்னேஷியஸ் தன் அலுவலகத் தொலைபேசியில் டெல்லிக்குத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஐ.டி. அமைச்சகத்தில் அவருக்குப் பழக்கமான ஓர் அதிகாரி. பல வருஷமாகக் கடிதப் போக்குவரத்தில் பழகியவர்கள், நேரில் பார்த்ததில்லை. 'உங்கள் தங்கை என்று தெரியாமல் போயிற்றே, ரொம்ப வருத்தமாக இருக்கிறது' என்று அவர் ஆங்கிலத்தில் பலமுறை சொன்னார். குழு அடுத்த வாரம் கூடும், ஆனால் கூடினாலும் இந்தப் பிரிவில் இடமில்லை, உள்துறை ஆட்களைக் கேளுங்களேன் என்றார்.

உள்துறை ஆட்கள் எங்கள் துறையைக் கேட்கச் சொல்கிறார்கள் என்றார் இக்னேஷியஸ்.

அப்படியா, அவர்கள் அப்படிச் சொல்லக் கூடாதே என்றார் டெல்லிக்காரர். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

வைத்துவிட்டு எரிக்கின் அழைப்பை எடுத்தார்.

"மாமா, உள்ள மம்மி ஒவ்வொரு படத்துலயும், இது நான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கினு இருக்காங்க. நீங்க அங்க உட்கார்ந்துகினு இன்னா பண்றீங்க?"

கோபம் வந்தால் மட்டும் எரிக்குக்கு இந்தப் பேச்சு வரும். இக்னேஷியஸ் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான். பிறகு ஒரு செய்தி வந்தது. தளத்தின் புது முகவரி. அதோடு வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

கதவைத் தட்டிவிட்டு இளம் பொறியாளர் வாஜித் உள்ளே வந்தான்.

"சார், டெல்லியிலேருந்து லிஸ்ட் வந்திருக்கு. சூதாட்டத் தளங்கள். தமிழ்நாட்டுக் கம்பெனிகளுக்கு உடனே அனுப்பணுமாம். நீங்க ஓகே பண்ணா அனுப்பிடறேன்."

"நானே அனுப்பறேன். நீ சாப்பிடப் போ."

"இப்பவேவா சார்?"

"போப்பா."

வாஜித் போனதும் இக்னேஷியஸ் கணினியில் பட்டியலைத் திறந்தார். இந்த மாதிரி எத்தனையோ பார்த்திருக்கிறார். ஒன்றைக்கூட ஏன் என்று கேட்டதில்லை. கேட்பது அவர் வேலை இல்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமையே இருந்தது. எங்கள் கையில் அழுக்குப் படாது என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்வார்கள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். ஆலிஸ் எழுதிக்கொண்டிருக்கும் அந்த அறையை நினைக்கக் கூடாது என்று நினைத்தார். அதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

பட்டியலின் கடைசி வரிக்குக் கீழே, எரிக் அனுப்பிய முகவரியைத் தட்டினார். நடுவில் எங்காவது செருகி மறைக்கலாம் என்று தோன்றவில்லை. ஓர் எழுத்துகூடத் தவறாமல் இரண்டு முறை சரிபார்த்தார். தன் பெயரில் கையொப்பமிட்டு அனுப்பினார்.

பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். மனதில் இருந்தது பயமா, நிம்மதியா என்று அவருக்கே தெரியவில்லை.

*

"டீச்சர், உள்ள வாங்க."

பள்ளியில் நீள மேஜையைச் சுற்றி நிர்வாகக் குழுவினர் ஏழெட்டுப் பேர். ஆலிஸுக்கு மட்டும் தனியாக ஒரு நாற்காலி. பெற்றோர் தரப்பில் முத்துகிருஷ்ணன் வந்திருந்தார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். அவருடைய மகள் ஆலிஸின் வகுப்பில்தான் படிக்கிறாள்.

"எனக்கு உங்க மேல ஒரு குறையும் இல்ல, பாத்துக்கிடுங்க," என்றார் முத்துகிருஷ்ணன். "ஆனா பிள்ளைய கையில எல்லாம் போன் இருக்கு. இந்தா, இன்னிக்குக் காலையிலகூட ஒருத்தர் அந்த லிங்கை அனுப்பினாரு. நான் காட்டுதேன்."

"அதைக் காட்ட வேண்டாம்," என்றார் சாருலதா.

"காட்டினாத்தானே தெரியும்?"

அவர் போனைத் தட்டினார். ஆலிஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியில் காலையில் பட்ட மை இன்னும் இருந்தது.

ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தட்டினார்.

"திறக்க மாட்டேங்கு."

"நெட்வொர்க் இல்லையோ என்னவோ," என்று பக்கத்தில் இருந்தவர் தன் போனில் பார்த்தார். அதிலும் வரவில்லை. இன்னொருவர் பள்ளியின் வைஃபையில் பார்த்தார். வெள்ளைத் திரை. அரசு உத்தரவுப்படி இந்தத் தளம் முடக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

சாருலதா அந்தப் போனைக் கையில் வாங்கி, வரியை உரக்கப் படித்தார்.

"அரசு உத்தரவு. போதுமா முத்துகிருஷ்ணன் சார்?"

ஆலிஸ் தலை நிமிர்ந்தாள். யார் உத்தரவு? காலையில் இன்ஸ்பெக்டருக்கே தெரியாத உத்தரவு எங்கிருந்து வந்தது? கேட்கத் தோன்றவில்லை. தன்னை அறியாமல் எழுந்து நின்றாள்.

"அது நான் இல்லைன்னு சொல்றதுக்கு நான் இங்க வரல. அது நான் இல்லைன்னு உங்க எல்லாருக்கும் முதல் நாளே தெரியும். தெரிஞ்சும் என்னைத் தனி நாற்காலியில உட்காரவெச்சிருக்கீங்க. திங்கட்கிழமை எனக்கு முதல் பீரியட் வகுப்பு இருக்கு. நான் வரேன். வேண்டாம்னு சொல்றவங்க அதை இப்பவே என் முகத்தைப் பார்த்துச் சொல்லிடுங்க."

யாரும் சொல்லவில்லை. முத்துகிருஷ்ணன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

*

அதே நேரத்தில் அடையாற்றில், இக்னேஷியஸின் மேலதிகாரி வேதாந்தம் தன் அறைக் கதவைச் சாத்தினார். மயிலாப்பூர்க்காரர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஒரு இன்டர்நெட் கம்பெனிக்காரா டெல்லியில நம்ம தலைமை ஆபீஸ்ல கேட்டிருக்கா. டெல்லி அனுப்பின லிஸ்ட்ல இல்லாத ஒண்ணு நம்ம லிஸ்ட்ல இருக்காம். எப்படி வந்தது?"

"நான் சேர்த்தேன் சார்."

வேதாந்தம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலிஸின் விஷயம் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"நான் அதைக் கேக்கலை இக்னேஷியஸ். நீங்க சொன்னதும் என் காதுல விழலை. தட்டச்சுப் பிழைன்னு ரெண்டு வரி எழுதுங்கோ. அந்த முகவரியை விடுவிக்கச் சொல்லி நீங்களே கம்பெனிகளுக்கு ஒரு மெயில் போடுங்கோ. இதோட முடிஞ்சுடும்."

"அதை நானே திறந்துவிடணும், இல்லையா சார்?"

"நீங்க திறக்கலேன்னா டெல்லி திறக்கப்போறது. உங்களைச் சஸ்பெண்டும் பண்ணுவா. இல்லாத உத்தரவை அரசு பேர்ல அனுப்பியிருக்கேள். கேஸே போடலாம். இத்தனை வருஷ சர்வீஸ், பென்ஷன், எல்லாம் போயிடும். யோசிச்சுப் பாருங்கோ."

இக்னேஷியஸ் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அந்த மெயிலை எழுத அரை நிமிஷம் போதும். சன்னல் வழியே பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு போவது தெரிந்தது.

"டெல்லி திறக்கட்டும் சார். என் கையால வேண்டாம்."

வேதாந்தம் பெருமூச்சுவிட்டார். மேஜைத் தொலைபேசி அடித்தது. எடுத்து, "சரி, சரி" என்று மட்டும் சொல்லிக் கேட்டுக்கொண்டார். வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாளைக்குக் காலையில கூட்டம். இங்கேயே. ஐ.டி. அமைச்சகம், உள்துறை மையம், நம்ம தலைமை அலுவலகம், மூணு பேரும் டெல்லியிலேர்ந்து திரையில வரா. மாநில சைபர் போலீஸ் நேர்ல வரா. அதிகாரம் இல்லாத ஒருத்தர் எப்படி அடைச்சார்னு விசாரிக்கணுமாம். நீங்க இருக்கணும்."

*

சாந்தோம் வீட்டில் எரிக் பிரியாணி வாங்கி வைத்திருந்தான். ஆலிஸ் அதிசயமாகப் பேசிக்கொண்டேயிருந்தாள். முத்துகிருஷ்ணன் முகம் போன போக்கை நடித்துக் காட்டினாள். இக்னேஷியஸ் உள்ளே வந்ததும், "அண்ணா, அரசு உத்தரவாம்! யார் போட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சொன்னார். எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை.

எரிக்கின் முகம் வெளுத்துப்போயிற்று. "நான்தான் மாமா. நான்தான் அனுப்பினேன். காலையில நான் அப்படிப் பேசாம இருந்திருந்தா..."

"நீ அனுப்பினது ஒரு முகவரி. மத்தது என் கை."

"இப்பவே அந்த மெயிலைப் போட்டுடுங்க மாமா. ப்ளீஸ். வேலை போயிடும். ஜெயில்ல போட்டாங்கன்னா?"

"எரிக், சும்மா இரு," என்றாள் ஆலிஸ்.

அவள் முகத்தில் சற்று முன்பிருந்த வெளிச்சம் அணைந்திருந்தது. நாளையோ நாளை மறுநாளோ தளம் மறுபடியும் திறக்கும். திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு அவள் போய் நிற்கும்போது அது பிள்ளைகளின் கையில் இருக்கும். அண்ணனுக்கும் வேலை இருக்காது. எல்லாம் தன்னால். தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எரிக் பயந்துபோய் அவள் தோளைத் தொட்டான்.

கண்ணைத் திறந்தபோது அவள் அழவில்லை.

"நாளைக்கு அந்தக் கூட்டத்துக்கு யார் யார் வராங்கன்னு சொன்னே அண்ணா?"

இக்னேஷியஸ் மறுபடி சொன்னார்.

"எல்லாருமா? ஒரே நேரத்துல?"

"ஆமா."

"நான் இத்தனை நாளா எழுதினேன். அவர் இவரைக் கேக்கச் சொன்னார், இவர் அவரைக் கேக்கச் சொன்னார். எனக்காக அவங்க ஒருத்தரோட ஒருத்தர் ஒரு போன்கூடப் பேசிக்கல. உன்னைப் பிடிக்கறதுக்கு மட்டும் எல்லாரும் ஒரே அறைக்கு வராங்க."

"ஆலிஸ், அது உள்விசாரணைம்மா. உன்னை வாசல்லயே நிறுத்திடுவாங்க."

அவள் அதற்குள் போனை எடுத்திருந்தாள். ஸ்ரீரஞ்சனி இரண்டாவது மணியிலேயே எடுத்தார். ஆலிஸ் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மேடம், நாளைக்கு அடையாறு கூட்டத்துக்கு உங்களையும் கூப்பிட்டிருக்காங்களா?"

"கூப்பிட்டிருக்காங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அண்ணனை விசாரிக்கத்தான் அந்தக் கூட்டம். நான் உங்ககூட வரணும். அவங்க எல்லாரும் இருக்கறப்போ நான் ஒரே ஒரு தடவை பேசணும்."

மறுபக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. எரிக் மூச்சுவிடாமல் நின்றான். இக்னேஷியஸ் தலை குனிந்துகொண்டார்.

"வரலாமா கூடாதான்னு யாரைக் கேக்கணும் மேடம்?" என்றாள் ஆலிஸ்.

"யாரையும் கேக்காதீங்க," என்றார் ஸ்ரீரஞ்சனி. "கேட்டா இன்னொருத்தரைக் கேக்கச் சொல்லுவாங்க. காலையில ரெடியா இருங்க. வண்டியை உங்க வீட்டு வாசலுக்கே கொண்டு வரேன்."

அவர் வைத்துவிட்டார்.